பெர்ன்ஸ்டைனா, அப்ரேயுவா, ஆல்சப்பா: நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்த வழி?

பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளியின் பழைய மாணவர் சங்கத்தில் இந்த வருஷம் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிறவர்கள் அனுப்பியது. நுழைவாயில் வளைவு வேண்டாம், சுவருக்குப் பெயிண்டும் வேண்டாம், பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கச் செலவழிப்போம் என்று முடிவானது. அதுவரை சண்டை இல்லை. எப்படிச் செலவழிப்பது என்ற பேச்சு வந்ததும் வாட்ஸ்அப் குழு ஐந்து கட்சியாகப் பிரிந்துவிட்டது.

வருஷத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து நல்ல மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவை வரவழைத்து, விளக்கத்தோடு ஒரு கச்சேரி வைப்போம் என்பது ஒரு கட்சி. இருநூறு பிள்ளைகளை மேடையேற்றி ஆண்டு விழாவில் பிரமாண்டமாக ஒன்று செய்வோம் என்பது இன்னொன்று. நாற்பது வயலின் வாங்கித் தினசரி ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைப்பதே மேல் என்கிறார் பொருளாளர் அண்ணாச்சி. ஒரே ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு சின்னதாகத் தொடங்கலாம் என்பது ஐந்தாவது கட்சி. அதில் ஆள் குறைவு. நான் அதில்தான் இருக்கிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஐந்தும் புதிய யோசனைகள் இல்லை. ஆர்கெஸ்ட்ராவை முன்னால் நின்று நடத்துகிற உலகத்தின் பெரிய இசை நடத்துநர்கள் ஒவ்வொன்றையும் செய்து பார்த்துவிட்டார்கள். தலைப்பில் இருக்கிற மூவரும் அவர்களில் சேர்த்தி. சர்ச் கொயரில் பாஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) பாடுகிறவன், இதையெல்லாம் தேடிப் படிக்கிறவன் என்பதால் ஒப்பிட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

கச்சேரிக் கட்சியின் குலதெய்வம் அமெரிக்க நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன். 1943 நவம்பர் 14 அன்று கச்சேரியை நடத்த வேண்டிய புரூனோ வால்டர் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட, ஒத்திகைகூடப் பார்க்காமல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கின் முன்னால் ஏறி நின்ற 25 வயசுப் பையன். மறுநாள் நாளிதழின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டார். 1958இல் அதே ஆர்கெஸ்ட்ராவின் இசை இயக்குநர் ஆனார். அந்த வருஷம் ஜனவரியிலேயே இளையோருக்கான கச்சேரிகளைக் கையில் எடுத்துவிட்டார். அந்தக் கச்சேரிகள் அவர் தொடங்கியவை அல்ல. எர்னஸ்ட் ஷெல்லிங் 1924இலேயே தொடங்கியவை. பெர்ன்ஸ்டைன் அவற்றைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனார். 1972 வரை 53 நிகழ்ச்சிகள்.

முதல் நிகழ்ச்சியை இன்றைக்கும் இணையத்தில் பார்க்கலாம். ரொசினியின் வில்லியம் டெல் ஓபராவின் முன்னிசையோடு தொடங்குகிறார். அதன் கடைசிப் பகுதி அமெரிக்காவில் ஒரு குதிரைவீரன் தொடருக்கு முகப்பு இசை. கார்னகி ஹாலில் இருக்கும் பிள்ளைகளிடம், இது எதைப் பற்றிய இசை என்று கேட்கிறார்; பிள்ளைகள் அந்தத் தொடரின் பேரைச் சொல்லிக் கத்துகிறார்கள். அவர் கோபப்படவில்லை. இந்த இசையில் குதிரையும் இல்லை, வீரனும் இல்லை, இருப்பதெல்லாம் சுரங்கள்தான் என்று அங்கிருந்து ஒரு மணி நேரத்தைப் பின்னிக்கொண்டு போகிறார். பின்னொரு நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைத் தானே பாடிக்காட்டி, மூன்று பகுதியாக ஒரு இசை எப்படி அமைகிறது என்று விளக்குகிறார். பிள்ளைகளிடம் குழந்தைக் குரலில் கொஞ்சிப் பேசுவதே கிடையாது. நான் பார்த்த ஆசிரியர்களில் இந்த மனுஷனுக்கு இணை யாரும் இல்லை.

ஆனாலும் இந்தக் கட்சிக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். காரணம் அமெரிக்கப் பெண் நடத்துநர் மரின் ஆல்சப்.

ஒன்பது வயசில் அப்பா அவரை பெர்ன்ஸ்டைனின் இளையோர் கச்சேரி ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேடையில் நின்றவரைப் பார்த்ததும் நானும் இதுதான் ஆவேன் என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துவிட்டது. பிறகு டேங்கில்வுட் கோடைகால இசைப் பள்ளியில் பெர்ன்ஸ்டைனிடமே படித்தார். 2007இல் பால்டிமோர் சிம்ஃபனியின் இசை இயக்குநர் ஆனார். அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்றின் தலைமையில் அமர்ந்த முதல் பெண் அவர். கச்சேரிக் கட்சிக்காரர்கள் இந்தக் கதையைத்தான் எடுத்து வைக்கிறார்கள்: பாருங்கள், ஒரு கச்சேரி போதும், ஒரு பிள்ளைக்குப் பொறி பட்டால் போதும்.

அவர்கள் விட்டுவிடுகிற பாதி ஒன்று இருக்கிறது. ஆல்சப்பின் அப்பா தொழில்முறை வயலின் கலைஞர். அம்மா செல்லோ வாசிப்பவர். கச்சேரி முடிந்து அந்தப் பிள்ளை திரும்பிப் போன வீட்டில் வாத்தியம் இருந்தது, சொல்லித்தர ஆளும் இருந்தது. இந்த வரிசையில் யாரை எடுத்தாலும் இப்படித்தான். நடத்துநர் சூபின் மேத்தா 1936இல் பம்பாயில் பிறந்தவர். அப்பா மேலி மேத்தா வயலின் கலைஞர், பம்பாய் சிம்ஃபனியை உண்டாக்கியவர். வெனிசுவேலா நடத்துநர் குஸ்தாவோ துதமெலின் அப்பா சல்சா குழுக்களில் டிராம்போன் ஊதியவர், அம்மா பாட்டு டீச்சர். பெர்ன்ஸ்டைன் வீட்டில் மட்டும் இசை கிடையாது. அப்பா அழகுசாதனப் பொருள் வியாபாரி. மகன் இசைக்குப் போவதில் அவருக்கு இஷ்டமே இல்லை. ஆனால் பையனுக்குப் பத்து வயசாகும்போது கிளாரா அத்தை தன் பியானோவை இவர்கள் வீட்டில் கொண்டுவந்து போட்டாள். எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

நம்ம பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்த அத்தை பியானோ கொண்டுவருவாள்? பீடி சுற்றுகிற வீடு, ஆட்டோ ஓட்டுகிற வீடு, சந்திப்புக் கடையில் சம்பளத்துக்கு நிற்கிற வீடு. கச்சேரி பார்த்துவிட்டுக் கண் விரியப் போகும் பிள்ளைக்கு மறுநாள் காலையில் தொட்டுப்பார்க்க ஒன்றும் இருக்காது. அதனால் ஐந்து வழிகளையும் நான் ஒரே கேள்வி வைத்துத்தான் பார்க்கிறேன்: வீட்டில் இல்லாததை எது ஈடுகட்டும்?

பிரமாண்டக் கட்சியை இந்தக் கேள்வி சீக்கிரமே ஆட்டத்தைவிட்டு வெளியே அனுப்பிவிடும். அதன் முன்மாதிரி பிரிட்டிஷ் நடத்துநர் சைமன் ராட்டில். 2002இல் பெர்லின் ஃபில்ஹார்மானிக்கின் பொறுப்பேற்றதும் அங்கே கல்விப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். அடுத்த வருஷம் பெர்லின் பள்ளிகளிலிருந்து 250 பிள்ளைகளைத் திரட்டி, ராய்ஸ்டன் மால்டூம் நடனம் அமைக்க, ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' என்ற பாலே இசைக்கு ஆடவைத்தார். அகதிக் குடும்பத்துப் பிள்ளைகளும் படிப்பில் பின்தங்கியவர்களும் அந்த வெறிபிடித்த தாளத்துக்கு ஆடியது பெரிய விஷயம், மறுக்கவில்லை. அதற்கு ஒரு பெரிய வங்கியின் பணம் இருந்தது, உலகத்தின் முதல்தர ஆர்கெஸ்ட்ரா இருந்தது, முழுநேர ஆட்கள் இருந்தார்கள். நாம் செய்தால் என்ன ஆகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஜனவரியில் மூன்று வாரம் பாட வேளைகளைப் பிடுங்கி ஒத்திகை, வாடகை உடுப்பு, எம்எல்ஏ வர ஒன்றரை மணி நேரம் தாமதம், பெற்றோர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிப்ரவரியில் எல்லாம் பழையபடி.

பொருளாளர் அண்ணாச்சியின் வழிக்கு நியாயம் உண்டு. 1954இல், பதினெட்டு வயசில், வியன்னாவுக்குப் போய் ஹன்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் படித்திருக்காவிட்டால் மேத்தா இந்த மேத்தா இல்லை. ஊரைவிட்டுப் போய்த்தான் ஆக வேண்டும் என்கிற கட்டம் வரும். சென்னையில் ஏ. ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற இடங்கள் இருக்கின்றன. ஆனால் யாரை அனுப்புவது? இன்றைக்குத் தேர்வு வைத்தால் ஏற்கெனவே கீபோர்டு கிளாஸ் போகிற பிள்ளைதான் தேறும். அந்தப் பிள்ளைக்கு நம்ம பணம் தேவையில்லை. இந்த வழி ஐந்தாறு வருஷம் கழித்து வேண்டியிருக்கும்; இப்போது வேண்டாம்.

நாற்பது வயலின் கட்சியோடுதான் எனக்கு உண்மையான வாக்குவாதம். அவர்கள் சொல்வதில் பாதி நான் சொல்வதுதான்.

ஹோசே அந்தோனியோ அப்ரேயு (1939–2018) பொருளாதாரம் படித்தவர், இசைக்கலைஞர், நடத்துநர். 1975இல் கராகஸில் ஒரு கார் ஷெட்டில் இளைஞர் ஆர்கெஸ்ட்ராவின் முதல் ஒத்திகையை வைத்தார். வந்தது 11 பேர். அந்த 11 பேர் பெருகித்தான் எல் சிஸ்தேமா என்ற பெயரில் வெனிசுவேலா முழுக்கப் பரவினார்கள். அப்ரேயு ஒரு காரியத்தைச் சரியாகக் கண்டுபிடித்தார்: வாரத்துக்கு ஒரு கிளாஸ் என்பதில் ஒன்றும் நடக்காது. பள்ளி விட்டதும், அநேகமாகத் தினமும், சில மணி நேரம். தனியாக உட்கார்ந்து பழகுவதற்கு முன்பே கூட்டத்தில் ஒருவராக உட்கார வேண்டும். கொஞ்சம் கற்ற பிள்ளை இன்னும் சின்னதற்குச் சொல்லித்தர வேண்டும். ரொம்பச் சின்னப் பிள்ளைகள் காகிதத்தாலும் அட்டையாலும் வயலின் செய்து, அதைத் தோளில் வைத்துப் பிடிக்கப் பழகிக்கொள்கிறார்கள்; நிஜ வயலின் அதற்குப் பிறகுதான். நாற்பது வயலினுக்கு முதலில் கடைக்கு ஓடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பணத்தையும் அவர் கலாச்சாரத் துறையில் கேட்கவில்லை. இது சமூக நலத் திட்டம் என்று சொல்லி அந்தத் துறைகளிலிருந்து வாங்கினார். ஆட்சி மாறினாலும் பணம் வந்தது.

துதமெல் அங்கிருந்து வந்தவர். 1981இல் பிறந்து, 18 வயசில் சிமோன் பொலிவார் இளைஞர் ஆர்கெஸ்ட்ராவின் இயக்குநர், 2004இல் பாம்பெர்க்கில் மாலர் நடத்துநர் போட்டியில் வெற்றி, 2009இல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மானிக். அந்த ஊரில் 2007இலேயே இதே மாதிரியில் யோலா என்ற இளைஞர் ஆர்கெஸ்ட்ரா தொடங்கியிருந்தது. 2021இல் இங்கிள்வுட்டில் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தை கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி மாற்றியமைத்து அதற்குத் தனி இடமே வந்துவிட்டது.

இந்தக் கதையில் மயங்கினால் மறுபக்கம் தெரியாது. பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜெஃப்ரி பேக்கர் அங்கேயே தங்கிப் பார்த்துவிட்டு, உள்ளே அதிகாரம் ஓர் ஆள் கையில் குவிந்திருப்பதையும், ஏழைகளுக்கென்று சொல்லப்படுவதில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் நிறைய இருப்பதையும் கடுமையாக எழுதினார். 2017இல் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கியின் ஆய்வும், பலன்கள் ஓரளவுதான், ரொம்ப ஏழையான வீட்டுப் பிள்ளைகளை இது எதிர்பார்த்த அளவு எட்டவில்லை என்று கண்டது. இலவசம் என்று அறிவித்துக் கதவைத் திறந்துவைத்தால் முதலில் உள்ளே நுழைவது யார் என்பதற்கு நாம் வெனிசுவேலா போக வேண்டியதில்லை.

நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். பழகுகிறவர்களுக்கான வயலின் ஒன்று ஐயாயிரம் என்றே வைத்தாலும் நாற்பதுக்கு இரண்டு லட்சம். அது முதல் நாள் செலவு. ஏப்ரல் மே வெயிலில் பூட்டிய வகுப்பறைக்குள் கிடந்தால் ஒட்டு விட்டுப்போகும். தந்தி அறும். வில்லின் முடி உதிரும். தந்திகளைத் தாங்குகிற குதிரை என்ற சின்ன மரத்துண்டு சாய்ந்துவிட்டால் நேராக நிறுத்தத் தெரிந்தவர் வேண்டும். இதையெல்லாம் பார்க்க ஆள் இல்லாவிட்டால் மூன்றாம் வருஷம் பீரோவுக்குள் நாற்பது பெட்டி இருக்கும். இதைவிடப் பெரிய எதிரி சாயங்கால டியூஷன். நாலே கால் மணிக்குப் பள்ளி விட்டால் நாலே முக்காலுக்கு டியூஷன். எட்டாம் வகுப்புக்கு மேல் எந்த அம்மாவும் வயலினுக்காக டியூஷனை விடமாட்டாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது.

ஆல்சப் பால்டிமோரில் செய்ததை இங்கே வைத்துப் பாருங்கள். 2005இல் கிடைத்த மெக்ஆர்தர் உதவித்தொகையிலிருந்து ஒரு லட்சம் டாலரை எடுத்து, 2008இல் ஆர்க்கிட்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். வறுமைப்பட்ட மேற்கு பால்டிமோரில் ஒரே ஒரு பள்ளி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேர். அவ்வளவுதான். பெரிய சிம்ஃபனியின் தலைவி, தொலைக்காட்சி கேமரா கூப்பிட்டால் வரும், நகரம் முழுக்கத் தொடங்கியிருக்கலாம், செய்யவில்லை. பாட்டு, தாளம், கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் வாளியில் அடி என்று தொடங்கி வாத்தியத்துக்குப் போனார்கள். பிள்ளைகளுக்குச் சாப்பாடும் கொடுத்தார்கள். பிறகு வருஷா வருஷம் வளர்ந்து ஆயிரத்தைத் தாண்டியது. அப்ரேயுவின் தினசரிப் பழக்கம் இதில் இருக்கிறது. வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்காமல் ஒரு வகுப்பையே எடுத்துக்கொண்டதால், யார் நுழைகிறார்கள் என்ற பிரச்சினையும் பாதி தீர்ந்துவிடுகிறது. எனக்கு இதில் பிடித்தது அந்தப் பொறுமை. ஒன்பது வயசில் கச்சேரியில் பொறி பட்டவர், தன் முறை வந்தபோது பிள்ளைகளுக்கு வெறும் கச்சேரியைக் கொடுக்கவில்லை.

நம்மிடம் ஏற்கெனவே இருப்பதைக் குழுவில் யாரும் பேசவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம். பாளையங்கோட்டையில் நான்கு குரலில் பாடத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன் தெரியாத பெரியவர்கள்கூட சோல்ஃபா (டோ, ரே, மி எழுத்துகள்) பார்த்து நேரடியாகப் பாடிவிடுவார்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில் படித்து வெளியே வந்து வேலை இல்லாமல் இருக்கிற பிள்ளைகள் உண்டு. அப்புறம் பேண்டு செட். கல்யாணம், சப்பரம், அடக்கம் எல்லாவற்றுக்கும் வாசிக்கிறவர்களை யாரும் இசை ஆசிரியராக நினைத்துப் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த டிரம்பெட்காரர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "சொல்லிக் குடுக்கலாம் அண்ணாச்சி. ஆனா ஒரு மாசம் டிரம்பெட்டைக் கையில குடுக்க மாட்டேன். வெறும் மவுத் பீஸை உதட்டுல வச்சு ஊதணும், பூம் பூம்னு. அதுக்குப் பொறுக்கிற பையன் தான் தேறுவான், சம்மதமா?" என்றார். காகித வயலினை வைத்து வெனிசுவேலாவில் செய்வதும் இதுதானே.

மேல்நாட்டுச் சமாச்சாரம் நமக்கெதுக்கு என்று ஒருவர் குழுவில் கேட்டிருந்தார். வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதர் நம்ம பக்கத்து எட்டயபுரம் சமஸ்தான வித்வான். கருணாமிர்த சாகரம் என்ற பெரிய இசை நூலை எழுதிய ஆபிரகாம் பண்டிதரும் நம்ம பக்கத்து சாம்பவர் வடகரையில் பிறந்தவர். இதற்கு மேல் இந்தக் கேள்வியில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

என்ன பாடுவது என்பதுதான் கஷ்டமான கேள்வி. வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கொயர்காரர்கள் கையில் விட்டால் கிறிஸ்தவக் கீர்த்தனைதான் வரும், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இங்கே ஐந்து கட்சியும் மறந்துவிட்ட நம்மவர் ஒருவர் இருக்கிறார்: எம். பி. சீனிவாசன். சினிமாவுக்கு இசையமைத்துக்கொண்டே சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, பாரதியார் பாடல்களைப் பல குரலில் பாடும்படி அமைத்தவர். 1988இல் இறந்தார். வாத்தியம் வாங்கப் பணம் இல்லாத ஊரில் பல குரல் இசையைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்பதற்கு, எனக்குத் தெரிந்து, தமிழில் வேறு நல்ல வழிகாட்டி இல்லை. பாரதி படித்த பள்ளிக்கூடமும் பக்கத்தில் திருநெல்வேலியில்தான் இருக்கிறது.

பல குரல் என்றதும் பயப்பட வேண்டாம். எங்கள் சண்டே ஸ்கூலில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆல்ட்டோ என்ற இரண்டாம் குரலைச் சொல்லித்தரும்போது நடப்பதைப் பார்த்திருக்கிறேன். முதல் சில வாரம் ஆல்ட்டோ வரிசை முழுக்க மெல்ல மெல்ல மேல்குரலான சோப்ரானோவுக்கு நழுவிப் போய்விடும். ஒரு பிள்ளை மட்டும் பக்கத்துக் காதை விரலால் அடைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, தன் சுரத்திலேயே நிற்கும். டீச்சர் அந்தப் பிள்ளையை வரிசையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவார். மற்றவை அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் விரல் காதிலிருந்து இறங்கிவிடும். அடுத்தவன் வேறொன்று பாடும்போது அதைக் கேட்டுக்கொண்டே தன்னுடையதில் நிற்கப் பழகிவிட்டால், ஆர்கெஸ்ட்ராவுக்குத் தேவையானதில் பாதி முடிந்தது. இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை.

ஆகவே என் சிபாரிசு இது. மூன்றாம் வகுப்பு, ஒரு பிரிவு மட்டும். முதல் வருஷம் முழுக்கப் பாட்டும் தாளமும். இரண்டாம் வருஷம் பத்துப் பன்னிரண்டு வயலின், பேண்டு செட்காரரின் மவுத் பீஸ்கள். நேரம் சாயங்காலம் வேண்டாம், காலையில். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. தொடக்கப் பிரிவுப் பிள்ளைகள் சீக்கிரமே வந்து சாப்பிட்டுவிட்டு மணி அடிக்கும்வரை மைதானத்தில் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அதில் இருபத்தைந்து நிமிஷம், வாரத்தில் ஐந்து நாளும். டியூஷனோடு மோதல் இல்லை, பஸ் பிரச்சினை இல்லை. சாப்பாட்டுச் செலவைத்தான் ஆல்சப் திட்டம் சுமக்க வேண்டியிருந்தது. அதை அரசு ஏற்கெனவே சுமக்கிறது.

பணத்தில் பெரும்பங்கு ஆசிரியருக்கு. இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறேன். 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, கணினி, இசை இவற்றுக்கெல்லாம் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள். அந்தச் சம்பளத்தில் எத்தனை பேர் மனசு ஒன்றி நின்றிருப்பார்கள் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம். இசைப்பள்ளியில் படித்த ஒரு பிள்ளைக்குக் காலை நேரத்துக்கு மட்டும் மாதம் 12,000 என்று வைத்தால் பத்து மாதத்துக்கு 1,20,000. மூன்று வருஷத்துக்கு 3,60,000. நாற்பது வயலின் வாங்காமல் விட்டாலே பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. அதே ஆள் மூன்று வருஷமும் வர வேண்டும். வருஷத்துக்கு ஓர் ஆள் மாறினால் திட்டம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கச்சேரிக் கட்சிக்கு ஓர் இடம் ஒதுக்க எனக்கு ஆட்சேபணை இல்லை. மூன்றாம் வருஷக் கடைசியில், பிள்ளைகள் தாங்களே வயலினில் நாலு சுரம் இழுக்கப் பழகிய பிறகு, சென்னையிலிருந்து குழுவைக் கூப்பிடுங்கள். இழுத்துப் பார்த்தவனுக்குத்தான் மேடையில் இழுக்கிறவனின் கை எப்படிப் போகிறது என்று தெரியும். பெர்ன்ஸ்டைன் மாதிரி விளக்கிச் சொல்ல ஆள் கிடைக்காவிட்டால், அவர் நிகழ்ச்சியையே ஸ்மார்ட் கிளாஸ் திரையில் போட்டுவிட்டு ஒரு டீச்சர் இடையிடையே தமிழில் சொல்லலாம்.

ஏப்ரல் கடைசிக்குள் செய்ய வேண்டிய வேலை இரண்டு. தலைமையாசிரியரிடம் அந்தக் காலை இருபத்தைந்து நிமிஷத்தை எழுத்தில் வாங்க வேண்டும். வாய்வார்த்தை ஜூனில் நிற்காது. இசைப்பள்ளியில் கடைசி வருஷம் படிக்கிறவர்களில் பிள்ளைகளிடம் சத்தம் போடாமல் பேசத் தெரிந்தவர் யார் என்று அங்கிருக்கும் ஆசிரியர்களிடம் விசாரிக்க வேண்டும். இரண்டாவதை நான் பார்த்துக்கொள்கிறேன். முதலாவதற்குப் பொருளாளர் அண்ணாச்சி போனால்தான் நடக்கும்.